வியாழக்கிழமைகளில் மட்டும்

அத்தியாயம் 14

அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்ட இடத்தில் போன வாரம் நாமும் நிறுத்தியிருந்தோம். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகலாம்.

அக்கா, மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் பொறுப்பாளர். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பீரோ நிறையத் தெர்மாமீட்டரும் தராசும் பூதக்கண்ணாடியும், அவ்வளவுதான் அறக்கட்டளை. பள்ளிப் பிள்ளைகள் சொந்தமாக ஒரு கேள்வியோடு வந்தால் போதும். கருவியை இரவல் கொடுத்து, வழிகாட்ட ஒருவரையும் பிடித்துக் கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைத்து மேடையும் போட்டுக் கொடுப்பார்கள். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வியையே திருப்பிப் போடுவாள் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கேள்வியக்கா.

தங்கைக்கு மருந்துக் கடையில் வேலை. அவள் கணவர் இரவு பஸ் ஓட்டுகிற டிரைவர். ஒரே மகள் நண்டு. தவழ்கிற வயதில் நேராகப் போகாமல் பக்கவாட்டிலேயே போனதால் வந்த பெயர். பதினைந்து வயதாகியும் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, போகிற வழியும் பெரிதாக மாறிவிடவில்லை.

அந்த நண்டு இந்த வருடம் கண்காட்சியில் கலந்துகொள்கிறாள். அறக்கட்டளைக்காரர்கள் தங்கள் சொந்தக்காரப் பிள்ளைக்கு ஆய்வில் ஒத்தாசை செய்யக்கூடாது, கண்காட்சி முடிவு வரும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் கூடாது. இந்த விதியை எழுதியது வேறு யாருமில்லை, அக்காவேதான்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீ அக்கா. எங்க வீட்டுக்கு மட்டும் அதிகாரி. அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டுப் போன தங்கை, அதற்கப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை.

இப்போது கண்காட்சி நாள்.

மண்டபத்தில் காலையிலிருந்தே சத்தம் காதைப் பிளந்தது. எறும்புக்கு எந்த நிறச் சர்க்கரை பிடிக்கும் என்று பார்த்த பிள்ளைகளின் எறும்புகள், பக்கத்து மேசைக்குக் குடிபோயிருந்தன. பள்ளிக்கூடத்து ஒழுகும் குழாய்களை எல்லாம் வாளி வைத்து அளந்த இரண்டு பெண்கள், மேசையிலேயே ஒரு குழாயைச் சொட்ட விட்டிருந்தார்கள். அக்கா கழுத்தில் பொறுப்பாளர் அட்டையோடு தரையில் கிடந்த மின்சார ஒயர்களைத் தாண்டித் தாண்டி நடந்து, ஒட்டு நாடா கேட்டவருக்கு ஒட்டு நாடாவும் தைரியம் கேட்டவருக்குத் தைரியமும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு மேசைப் பக்கம் மட்டும் போகவில்லை. போகவில்லையே தவிர, கண் போகாமலா இருக்கும்?

நண்டு தலையை இழுத்துப் பின்னி, தன்னைவிட உயரமான அட்டைக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் கேள்வி எளிமையானது. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். அளவும் ஒன்று, ஜன்னலும் ஒன்று. ஒன்றின் கூரைக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே எவ்வளவு வெப்பம் குறையும்? அறக்கட்டளை இரவல் தந்த, வெப்பத்தைத் தானே குறித்துக்கொள்ளும் தீப்பெட்டி அளவுக் கருவியை அறைக்கு ஒன்றாக வைத்து, கோடை முழுக்க அளந்திருந்தாள். இரண்டு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், இரண்டு கதவும் சாத்தியிருக்க வேண்டும், கருவியை யாரும் தொடக்கூடாது. வீட்டில் சட்டமே போட்டிருந்தாளாம்.

அட்டையின் நடுவில் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தாள்: ஆறு டிகிரி.

முதல் பரிசு என்பது கோப்பை இல்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு வருடத்துக்கு இடம். சனிக்கிழமைதோறும் போகலாம், கருவிகளைத் தொடலாம், தெரிந்தவர்களிடம் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அக்காவுக்குத் தெரியும். அது நண்டுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. விதி எழுதியவளுக்கு மனசு இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லையே.

மதியம் தங்கை வந்தாள். கையில் டிபன் கேரியர்.

"சாப்பிட்டிருக்க மாட்டியே. எனக்குத் தெரியும்."

இத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

"நீ சாப்பிட்டியா?"

"நான் எங்க சாப்பிட? அவ மேசைக்கு முன்னாடி கூட்டத்தைப் பாத்தியா? ஒரு அம்மா போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. அவங்க வீட்டுக் கூரைக்கும் சுண்ணாம்பு அடிக்கப் போறாங்களாம்." தங்கை கேரியரைக் கை மாற்றினாள். "அன்னைக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்."

"நானும்தான்."

"நீ எங்க பேசின? நீதான் வாயே திறக்கலையே. அதுதான் எனக்குக் கோபம்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் சண்டை முடிவதற்கு இவ்வளவுதான் தேவைப்படுகிறது. மறுபடி தொடங்குவதற்கும் அதிகம் தேவைப்படாது என்பதைப் பார்க்கத்தானே போகிறோம்.

கையைக் கழுவிவிட்டுத் திரும்புகிற வழியில்தான் அக்கா நண்டின் அட்டையில் இருந்த வரைபடத்தை நன்றாகப் பார்த்தாள். பேசத்தான் தடை, பார்க்க இல்லை. கூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது.

இரண்டு அறைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை நாள்வாரியாகக் கோடு போட்டிருந்தாள் நண்டு. கோடு ஆறு டிகிரிப் பக்கமாகவே ஓடியது. ஆனால் இடையிடையே பள்ளம். ஒவ்வொரு பள்ளமும் இரண்டு டிகிரிக்கு வந்து, மறுநாளே பழையபடி மேலே ஏறியது. எல்லாப் பள்ளங்களும் வியாழக்கிழமைகள். பள்ளத்தின் அடியில், பொடி எழுத்தில், நண்டு நேர்மையாக எழுதியிருந்தாள்: 'காரணம் தெரியவில்லை. காற்றாக இருக்கலாம்.'

காற்றுக்குக் கிழமை தெரியுமா என்ன?

அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். போன மாதம் ஒரு பகல் வேளையில், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கத் தங்கை வீட்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. கீழே யாருமில்லை. மாடியில் குறட்டைச் சத்தம். எட்டிப் பார்த்தால், வெள்ளைக் கூரை அறையில் டிரைவர் உலகத்தை மறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஒரு போர்வை, சொட்டச் சொட்ட ஈரமாக. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஈரப் போர்வை வழியாக வருகிற காற்று அறையைக் குளிர வைக்கும். அது சுண்ணாம்பின் வேலை இல்லை.

அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்தாற்போல் விழித்திருக்கும் நேரமே குறைவு. தங்கையும் நண்டும் கிளம்பிய பிறகு டிரைவர் வருவார். அவர்கள் திரும்புவதற்குள் எழுந்து போய்விடுவார். பள்ளி விடுமுறையிலும் நண்டு அம்மாவோடு மருந்துக் கடைக்குப் போய்விடுவாள். அவர் எங்கே தூங்குகிறார், எப்படித் தூங்குகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்டுவிடலாம் என்று பார்த்தால், டிரைவரே எதிரில் வந்தார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், கண் இரண்டும் சிவந்து, வாயெல்லாம் பல்லாக.

"அக்கா, பாத்தீங்களா நம்ம நண்டை!"

"பாத்தேன் மாப்பிள்ளை. தூங்காமலே வந்துட்டீங்களா?"

"இன்னைக்கு எப்படிக்கா தூக்கம் வரும்? மத்த நாள்னா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன். சுண்ணாம்பு அடிச்ச நாள்ல இருந்து அந்த ரூம்லதான் படுக்கை. பொண்ணு அடிச்ச சுண்ணாம்புக்குக் கீழ தூங்குற சுகம் யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்க."

"ஜன்னல்ல ஈரப் போர்வை..."

"அது இல்லாம பகல்ல தூங்க முடியுமாக்கா? டிரைவருங்க எல்லாரும் அப்படித்தான். எழுந்ததும் எடுத்துக் கொடியில போட்டுடுவேன்." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அவ கருவியை நான் தொடவே இல்ல. சத்தியமா. அந்தப் பக்கம் காலைக்கூட நீட்டினது கிடையாது."

"வாரத்துல லீவு என்னைக்கு உங்களுக்கு?"

"வியாழக்கிழமை. முந்தின ராத்திரி வண்டி ஓட்ட மாட்டேன், அதனால பகல் தூக்கமும் இல்ல. ஏன்க்கா?"

"சும்மாதான்."

அவர் மகளைப் பார்க்க ஓடினார். பாவம், நல்ல மனுஷன். அத்தனை நாளும் கருவியைத் தொடாமல் கண்ணும் கருத்துமாக இருந்து, ஆய்வின் அடிமடியிலேயே கை வைத்திருக்கிறார்.

அக்கா மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். யாரும் கவனிக்கவில்லை. நடுவர்கள் இரண்டு முறை வந்து தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால், இடம் நண்டுக்குத்தான். தங்கையோடு சேர்ந்த உறவும் அப்படியே இருக்கும். அதைவிட வசதி, வாயை மூடிக்கொண்டு இரு என்று விதியே சொல்கிறது.

தான் எழுதிய விதிக்குப் பின்னால் தானே ஒளிந்துகொள்ள நினைக்கிறோமே என்று தோன்றியபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊராருடைய பிள்ளையின் வரைபடத்தில் இப்படி ஒரு பள்ளம் இருந்தால் விட்டிருப்பாளா? முதல் கேள்வியே அங்கேதான் விழுந்திருக்கும். சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை கூடாது என்றுதானே விதி. கேட்காமல் விடுவதும் சலுகைதானே? அதோடு, அந்த அம்மா எடுத்துப் போன போட்டோ? ஆறு டிகிரியை நம்பி எத்தனை பேர் கூரை ஏறப் போகிறார்கள்?

எழுந்தாள். நடுவர் குழுத் தலைவியான பேராசிரியையிடம் போய், கழுத்து அட்டையைக் கழற்றி நீட்டினாள்.

"பார்வையாளர் நேரத்துல நான் ஒரு கேள்வி கேக்கணும். என் தங்கை பொண்ணுகிட்ட."

கடைசி அரை மணி நேரம் பார்வையாளர் நேரம். யார் வேண்டுமானாலும் எந்தப் பிள்ளையிடமும் கேட்கலாம். நடுவர்கள் பின்னால் நின்று காது கொடுப்பார்கள்.

பேராசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "விதி நீங்க எழுதினது."

"மீறுறதும் நான்தான். ஒளிஞ்சு செய்யல, உங்ககிட்டச் சொல்லிட்டுச் செய்யறேன்."

"அறக்கட்டளைக் குழு கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். இந்த அட்டை என்கிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

நண்டின் மேசையைச் சுற்றிக் கூட்டம். முன் வரிசையில் தங்கையும் டிரைவரும். பெரியம்மா எதிரில் வந்து நின்றதும் நண்டின் முகம் மலர்ந்து, உடனே குழம்பியது. விதி அவளுக்கும் தெரியும்.

"வணக்கம். எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் அக்கா. வரைபடத்தில் ஒரு பள்ளத்தைச் சுட்டிக் காட்டினாள். "வியாழக்கிழமை மட்டும் ஏன் கம்மியா இருக்கு?"

"அது... தெரியல. காத்து காரணமா இருக்கலாம்னு எழுதியிருக்கேன்."

"காத்து வியாழக்கிழமை மட்டும் மாறுமா?"

"மாறாது." நண்டு அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கும் அது உறுத்திட்டேதான் இருந்துச்சு. அதனாலதான் அழிக்காம விட்டேன்."

"வியாழக்கிழமை உங்க வீட்ல வேற என்ன மாறும்?"

தங்கையின் முகம் கறுத்ததை அக்கா பார்க்காமல் பார்த்தாள். பிள்ளையை நாலு பேர் முன்னால் மடக்குகிறாளே என்ற கோபம் அங்கே கொதித்துக்கொண்டிருந்தது.

நண்டு யோசித்தாள். "ஒண்ணும் மாறாது. அப்பாவுக்கு லீவு. அவ்வளவுதான்."

கூட்டத்தில் ஒரு கை மெதுவாக மேலே வந்தது. வகுப்பில் தப்பு செய்த பிள்ளையைப் போல டிரைவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். சிரிப்பு போயிருந்தது.

"வியாழக்கிழமை நான் அந்த ரூம்ல தூங்குறதில்லம்மா."

"எந்த ரூம்ல?"

"வெள்ளை ரூம்ல. மத்த நாளெல்லாம் பகல்ல அங்கதான் படுப்பேன். ஜன்னல்ல போர்வையை நனைச்சுத் தொங்க விட்டுட்டு." மகள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். "கருவியை நான் தொடலம்மா."

மண்டபத்தில் மற்ற மேசைகளின் சத்தம் அப்படியே இருந்தது. நண்டு அப்பாவைப் பார்த்தாள், வரைபடத்தைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டது. கோடை முழுக்கச் செய்த வேலை, எல்லோர் முன்னாலும் ஒரு போர்வையில் போய் முடிந்திருக்கிறது.

அக்காவுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நின்ற இடத்திலேயே நின்றாள்.

நண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மேசையிலிருந்து மைப்பேனாவை எடுத்து, சிவப்பு எழுத்தில் இருந்த ஆறைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் இரண்டு என்று எழுதினாள்.

"அப்ப வியாழக்கிழமைதான் சரியான கணக்கு," என்றாள் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல. "மத்த நாள்ல சுண்ணாம்பும் இருக்கு, அப்பா போர்வையும் இருக்கு. வியாழக்கிழமை சுண்ணாம்பு மட்டும்தான். நான் தப்புன்னு நெனச்சதுதான் சரி." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "சுண்ணாம்பு ரெண்டு டிகிரி குறைக்குது. ஆனா அதைச் சொல்ற நாள் எங்கிட்ட ரொம்பக் கம்மி. உறுதியாச் சொல்ல முடியாது. போட்டோ எடுத்தவங்க இருந்தா, தயவுசெஞ்சு மாத்திக்கோங்க."

பின்னால் பேராசிரியை எதையோ குறித்துக்கொண்டார்.

முடிவை மேடையில் வாசித்தபோது, ஆய்வுக்கூட இடம் ஒழுகும் குழாய்களை அளந்த இரண்டு பெண்களுக்குப் போயிற்று. அவர்கள் கணக்கில் பள்ளம் இல்லை. நண்டுக்கு ஒன்றும் இல்லை. வாசித்துவிட்டுப் பேராசிரியை ஒரு நிமிடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கு ஒரு பொண்ணு தன் விடையைத் தானே அடிச்சா. அதுக்குக் குடுக்க எங்ககிட்ட பரிசு இல்ல. அது எங்க குறை," என்றார். கைதட்டல் பலமாகவே இருந்தது. கைதட்டலை வைத்துக்கொண்டு சனிக்கிழமை எங்கேயும் போக முடியாது என்று தங்கை நினைத்தது, அவள் கை கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

மண்டபத்தைக் காலி செய்து, எறும்புகளைத் துடைத்து, அக்கா வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மடித்து வைத்த நண்டின் அட்டை டிரைவர் மடியில். தங்கை தனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் கேரியரை வைத்திருந்தாள்.

தங்கை தலையைத் திருப்பிக்கொண்டாள். அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் மறுபடி கீழயே படுத்துக்கறேன்க்கா. புழுங்கட்டும், பரவாயில்ல."

"வேண்டாம்ப்பா," என்றாள் நண்டு. அழுது வீங்கிய கண்ணில் அதற்குள் வேறொரு வெளிச்சம் வந்திருந்தது. "இனிமே சுண்ணாம்பு அடிக்காத ரூம்ல படுங்க. அதே போர்வையோட. சுண்ணாம்பு பெருசா, போர்வை பெருசான்னு பாத்துடலாம்."

"வேகுமேம்மா அங்க!"

"வேகுதான்னுதான் பாக்கணும்."

டிரைவர் சிரித்துவிட்டார். நண்டு பெரியம்மா பக்கம் திரும்பினாள். முடிவு வந்துவிட்டது, இனிப் பேசலாம்.

"பெரியம்மா, கருவியை நாளைக்குத் திருப்பித் தரணுமே. இன்னும் ஒரு மாசம் வெச்சுக்கட்டுமா?"

"அதை நீ குழுகிட்டதான் கேக்கணும்டி. இப்ப எனக்கு அதிகாரம் இல்ல."

தங்கை திரும்பினாள். அப்போதுதான் அக்காவின் கழுத்தைக் கவனித்தாள். "அட்டை எங்க?"

"குடுத்துட்டேன். விதியை மீறினதுக்குக் குழு கூடி விசாரிக்கும்."

"வேலை போயிடுமா?"

"தெரியல."

"தெரிஞ்சுதான் வந்து கேட்டியா?"

அக்கா சாலையைப் பார்த்தாள். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போகவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது. எழுந்து கேரியரை எடுத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை வீட்டுக்கு வா," என்றாள்.

"எதுக்கு?"

"உன்கிட்ட நான் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. எங்க வீட்ல அன்னைக்குத்தானே எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கு."

சொல்லிவிட்டு, சிரிக்காமல் பஸ் ஏறினாள்.